பதின்மூன்று கார்ட் ரம்மி: கட்டைப் பிரிப்பதில் இருந்து கணக்கு எழுதுவது வரை

ரம்மியின் விதிகளை அரை மணித்தியாலத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனாலும் புதிதாக உட்காருபவர்கள் முதல் சில ஆட்டங்களில் எண்பது எண்பதாகத் தண்டப் புள்ளி வாங்கிவிட்டு, "எனக்குக் கை ராசியில்லை" என்று எழும்பிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தால் கை மோசமாக இருப்பதில்லை. சேர்க்கும் ஒழுங்குதான் தலைகீழாக இருக்கும். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்திருப்பார்கள்.

திருகோணமலையில் வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் வள்ளங்கள் கரையேறிவிடும். திருக்கடலூரில் இருந்து உப்புவெளி வரை பல வீடுகளில் கார்ட் கட்டு வெளியே வருகிற காலம் அது. செத்த வீட்டில் இரவு விழித்திருப்பவர்கள் கையிலும், ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டில் இருந்து வரும் உறவுகள் நடுவிலும் ரம்மிதான் சுற்றும். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் முதல் தடவை உட்காரப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

304 என்ற கார்ட் ஆட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு சொல். அங்கே ஜாக் 30, ஒன்பது 20 என்று தூக்கி வைத்திருப்பீர்கள். இங்கே ஜாக் கையில் கிடந்தால் 10 புள்ளிச் சுமை, அவ்வளவுதான். கூட்டாளியும் இல்லை, துரும்பும் இல்லை. ஜாக்கைப் போடக் கை கூசினால் அது 304 பழக்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1. உட்காரும் முன்

இரண்டு பேரில் இருந்து ஆறு பேர் வரை ஆடலாம். பழகுவதற்கு நாலு பேர்தான் நல்லது. காரணம் கணக்கில் இருக்கிறது. இரண்டு கட்டுக்கு 104 கார்ட், கட்டுக்கு ஒன்றாக இரண்டு அச்சு ஜோக்கர் (ஜோக்கர் படம் அச்சிட்டது, எந்தக் கார்டுக்கும் பதிலாக நிற்கும்), மொத்தம் 106. ஆறு பேருக்கு 13 வீதம் கொடுத்தால் 78 போய்விடும். ஜோக்கருக்கு ஒன்று, திறப்பதற்கு ஒன்று போக நடுவில் மிஞ்சுவது 26. எல்லாரும் ஐந்து தரம் எடுப்பதற்குள் கட்டு தீர்ந்துவிடும். நாலு பேர் என்றால் நடுவில் 52 இருக்கும், யோசித்து ஆட நேரம் கிடைக்கும்.

கடையில் வாங்கும் கட்டில் இரண்டு மூன்று ஜோக்கர் இருக்கும். ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ஜோக்கர் கூடினால் ஆட்டம் அதிர்ஷ்டக் குலுக்கலாகிவிடும்.

இரண்டு கட்டுக்கும் முதுகுப் பக்கம் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்று சிவப்பு, மற்றது நீலம் என்றால், பக்கத்தில் இருப்பவர் கையில் எந்தக் கட்டுக் கார்ட் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆட்டத்துக்கு முன் இரண்டையும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். கதிரைக்குக் கீழே விழுந்த ஒரு ஸ்பேட் 9 போன வாரத்தில் இருந்து அங்கேயே கிடக்கலாம். அந்த ஒன்பதுக்காக ஒருவர் கடைசி வரை காத்திருப்பார்.

நம் ஊர் உப்புக் காற்றுக்கும் மழை ஈரத்துக்கும் காகிதக் கார்ட் ஊதி ஒட்டிக்கொள்ளும். இரண்டு கார்டை ஒன்றென்று எடுத்துவிட்டு, பிறகு 14 வைத்திருக்கிறீர்கள் என்று சண்டை வரும். பிளாஸ்டிக் கார்ட் வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் கொஞ்சம் முகப்பவுடர் தூவித் துடைத்தால் அன்றைக்குச் சமாளிக்கலாம். விறாந்தையில் காற்று கார்டைப் புரட்டிவிடும். ஹோலுக்குள் பாய் போட்டு உட்காருவதே நல்லது. ஒரு கொப்பியும் பேனையும் வேண்டும். கணக்கை வாயால் வைத்திருக்க முடியாது.

2. முதல் கார்ட் விழும் முன் பேசி முடிக்க வேண்டியவை

இதைத் தள்ளிப்போட்டால் மூன்றாவது ஆட்டத்தில் சண்டை வரும், அதுவும் ஒருவர் ஷோ காட்டிய பிறகு, அதாவது கையைச் சேர்த்து முடித்துத் திறந்து காட்டிய பிறகு. கனடாவில் இருந்து வந்த மச்சான் ஒரு விதியோடு வருவார், ஃபோனில் பழகிய தம்பி இன்னொன்றோடு வருவான், வீட்டில் பெரியம்மா ஆடுவது மூன்றாவது. எல்லாமே சரியான விதிதான், ஒன்றாகச் சேரும்போதுதான் பிழை.

முதலில், ஆட்டத்தின் ஜோக்கர் எது என்று பார்க்க உருவும் கார்ட் அச்சு ஜோக்கராகவே இருந்தால் என்ன செய்வது? ஏஸ் எல்லாம் ஜோக்கர் என்று வைத்துக்கொள்வது பெரும்பாலான இடத்து வழக்கம்.

அடுத்தது, ஒருவர் கீழே போட்ட ஜோக்கரை அடுத்தவர் எடுக்கலாமா? எடுக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கிட்ட உடனே திறந்து வைக்கும் முதல் கார்டே ஜோக்கராக இருந்தால் மட்டும், முதல் ஆள் தன் முதல் முறையில் எடுக்கலாம்.

ஏஸ் இரண்டு பக்கமும் சேரும்: ஏஸ்-2-3 சரி, ராணி-ராஜா-ஏஸ் சரி. ராஜா-ஏஸ்-2 என்று சுற்றி வருவது இல்லை. இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சொல்லாத இடத்தில் ஒருவராவது சுற்றிவிடுவார்.

நடுக்கட்டு (எடுப்பதற்காகக் கவிழ்த்து வைத்திருப்பது) தீர்ந்தால், திறந்த கட்டின் (எல்லாரும் போட்ட கார்டுகளின்) மேல் கார்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கலைத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஆட்டம் 101 புள்ளியில் முடிகிறதா, 201 இலா, இல்லை இத்தனை கை என்று எண்ணியா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

பணம் வைத்து ஆடுவது பற்றி என் கருத்து: பழகும் காலத்தில் வேண்டவே வேண்டாம். இலங்கையில் சூதாட்டக் கட்டளைச் சட்டம் 1889 இலேயே வந்தது, பொது இடத்தில் பந்தயம் வைத்து ஆடுவது அதற்குள் வந்தது. புளியங்கொட்டையை எண்ணி வைத்து ஆடினாலும் தோற்றவர் முகம் அதே அளவுக்குத்தான் கறுக்கும்.

3. கலைத்து, வெட்டி, பங்கிடுதல்

இரண்டு கட்டையும் சேர்த்து நன்றாகக் கலையுங்கள். போன ஆட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்கிய கார்டுகள் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு கட்டையும் ஒரே கையில் பிடித்துக் கலைக்க முடியாதவர்கள் பாயில் பரப்பிக் கைகளால் கிளறிவிடலாம், அதில் வெட்கம் இல்லை.

பங்கிடுபவர் கட்டை வைக்க, பக்கத்தில் இருப்பவர் வெட்ட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக, சுற்றிச் சுற்றி, ஆளுக்கு 13. மூன்று மூன்றாகப் போட்டால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் சரியாகக் கலையாத கட்டில் ஒட்டியிருந்த வரிசை ஒருவர் கைக்கே போய்ச் சேரும். எந்தப் பக்கமாகப் பங்கிட்டீர்களோ அந்தப் பக்கமாகவே ஆட்டமும் போகட்டும்.

பங்கிட்ட பிறகு ஒரு கார்டை உருவி, முகம் தெரியும்படி நடுக்கட்டுக்குக் கீழே குறுக்காகச் செருகுங்கள். அதுதான் இந்த ஆட்டத்தின் ஜோக்கர். டயமன் 7 விழுந்தால், நாலு நிறத்து (ஸ்பேட், ஆட்டின், டயமன், கிளாவர்) ஏழும் ஜோக்கர்தான். டயமன் மட்டும் என்று நினைத்துக்கொண்டு கிளாவர் 7 ஐக் கீழே போட்டவர்கள் உண்டு. குறுக்கே செருகுவதற்குக் காரணம், ஆட்டம் முழுக்க எல்லார் கண்ணிலும் அது பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான்.

அப்புறம் இன்னொரு கார்டைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். அது திறந்த கட்டின் தொடக்கம்.

4. கையை அடுக்குதல்

நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் சின்னதில் இருந்து பெரியதுக்கு வையுங்கள். கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று மாற்றி மாற்றி வைத்தால் ஆட்டினும் டயமனும் கலந்து ஏமாற்றாது. இரவில் கரண்ட் போய் மெழுகுதிரியில் ஆடும்போது இது இன்னும் முக்கியம்.

ஜோக்கர்களை எடுத்துக் கையின் ஒரு ஓரத்தில் தனியாக வையுங்கள். எதோடும் ஒட்ட வேண்டாம். புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். ஜோக்கரைக் கண்டதும் அதை வைத்து எதை முடிக்கலாம் என்று தேடத் தொடங்குவார்கள். ஒரு இடத்தில் செருகிவிட்டால், அந்த இடத்துக்கு உண்மையான கார்ட் வேண்டும் என்பதையே கண் மறந்துவிடும்.

5. ஆடுவதா, ஸ்கூட் போவதா

உங்கள் முறை முதல் தடவை வரும்போது, கார்ட் எடுக்கும் முன், விலகிக்கொள்ளலாம். இதை ஸ்கூட் என்பார்கள். 101 ஆட்டத்தில் அதற்கு 20 புள்ளி. ஒரு கார்டாவது எடுத்த பிறகு விலகினால் 40. ஆகவே யோசனை முழுவதும் அந்த முதல் கார்டைத் தொடும் முன் முடிந்திருக்க வேண்டும். "ஒன்று எடுத்துப் பார்ப்போம்" என்று கை நீட்டுவதன் விலை 20.

என் அளவுகோல் இதுதான். கையில் ஜோக்கர் ஒன்றும் இல்லை, ஒரே நிறத்தில் அடுத்தடுத்து நிற்கும் சோடிகளும் இரண்டுக்குக் குறைவு என்றால் போய்விடுவேன். ஒரிஜினல், அதாவது ஜோக்கர் உதவி இல்லாத வரிசை, ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டால் எவ்வளவு மோசமான மீதியோடும் ஆடுவேன். நடுவில் இருக்கும் கைகளுக்குத் தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறும்.

புதியவர்கள் ஸ்கூட் போவதை அவமானமாக நினைக்கிறார்கள். இருபதைக் கொடுத்து எண்பதில் இருந்து தப்புவது நல்ல வியாபாரம்.

6. ஒரிஜினல் முதலில், மற்றதெல்லாம் பிறகு

13 கார்டையும் கூட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது மூன்று கார்ட். கூட்டம் இரண்டு வகை. ஒரே நிறத்தில் தொடர்ந்து வருவது வரிசை. ஒரே எண் வெவ்வேறு நிறத்தில் வருவது செட். செட்டில் ஒரே நிறம் இரண்டு தடவை வரக்கூடாது. இரண்டு கட்டு என்பதால் ஆட்டின் 9 இரண்டு உங்கள் கைக்கு வரலாம், ஆனால் அந்த இரண்டையும் ஒரே செட்டில் வைக்க முடியாது.

குறைந்தது இரண்டு வரிசை வேண்டும். அதில் ஒன்றாவது ஜோக்கர் உதவி இல்லாதது, அதுதான் ஒரிஜினல். ஒரிஜினல் இல்லாதவர் கையில் மற்ற எல்லாம் சேர்ந்திருந்தாலும், யாராவது ஷோ காட்டினால் எல்லாக் கார்டுக்கும் புள்ளி விழும்.

ஒரு கையை வைத்துப் பார்ப்போம். ஜோக்கர் 7. உங்களுக்கு வந்தவை: ஸ்பேட் ஏஸ், 5, 6, 8. ஆட்டின் 3, 4, ராணி, ராஜா. டயமன் 9, ராஜா. கிளாவர் 2, 9, அப்புறம் கிளாவர் 7. கடைசியில் சொன்னது ஜோக்கர்.

புதியவர் செய்வது: கிளாவர் 7 ஐ ஸ்பேட் 6 க்கும் 8 க்கும் நடுவில் செருகுவார். 5-6-ஜோக்கர்-8, நாலு கார்ட் வரிசை, முதல் பார்வையிலேயே! முகம் மலரும். அடுத்து இரண்டு ஒன்பதையும் இரண்டு ராஜாவையும் செட்டாக்கக் காத்திருப்பார். இந்த நிலையில் ஒருவர் ஷோ காட்டினால் அவருடைய கணக்கு என்ன? ஸ்பேடில் 29, ஆட்டினில் 27, டயமனில் 19, கிளாவரில் 11. மொத்தம் 86. உச்சவரம்பு 80 என்பதால் 80 எழுதுவார்கள். அவர் செய்து வைத்த நாலு கார்ட் வரிசை ஒரு புள்ளியைக் கூடக் குறைக்கவில்லை.

இதே கையில் செய்ய வேண்டியது: ஜோக்கரை ஓரத்தில் வைத்துவிட்டு, ஒரிஜினல் எங்கே இருந்து வரும் என்று பாருங்கள். மூன்று இடம் இருக்கிறது. ஸ்பேட் 5-6 க்கு 4 அல்லது 7. ஆட்டின் 3-4 க்கு 2 அல்லது 5. ஆட்டின் ராணி-ராஜாவுக்கு ஜாக் அல்லது ஏஸ். இரண்டு கட்டு என்பதால் ஒவ்வொரு இடத்துக்கும் நாலு கார்ட் உதவும்.

இங்கே ஒரு நுணுக்கம். ஸ்பேட் 7 ஜோக்கர் என்றாலும், 5-6-7-8 என்று தன் சொந்த இடத்தில் நின்றால் அது ஒரிஜினல்தான். ஆனால் அதை யாரும் கீழே போடப்போவதில்லை, மற்றவர்களுக்கு அது ஜோக்கர் அல்லவா? நடுக்கட்டில் இருந்து நீங்களே எடுத்தால்தான் உண்டு. ஆகவே ஜோக்கருக்குப் பக்கத்து எண்கள், இந்த ஆட்டத்தில் 6 உம் 8 உம், ஒரிஜினலுக்குப் பலவீனமானவை. அந்த எண்கள் கீழே அதிகமாக விழுவதையும் கவனிப்பீர்கள்.

முதல் முறையில் ஸ்பேட் 4 கிடைத்தது, ஸ்பேட் ஏஸைப் போட்டீர்கள் என்று வையுங்கள். 4-5-6 ஒரிஜினல். இப்போது கணக்குப் பாருங்கள். ஒரிஜினல் போக மீதி 65. ஜோக்கரை ஆட்டின் ராணி-ராஜாவோடு வைத்தால் இரண்டாவது வரிசையும் வந்துவிடும், 20 குறைந்து 45. ஒரே ஒரு கார்டால் 80 இல் இருந்து 45 க்கு இறங்கியாயிற்று. எத்தனை சொல்லிக் கொடுத்தாலும் விளங்காதவர்களுக்கு இந்த இரண்டு கணக்கையும் கொப்பியில் எழுதிக் காட்டினால் விளங்குகிறது.

ஸ்பேட் 8 ஐக் கண்டு மறுபடியும் சபலம் வரும்: 4-5-6-ஜோக்கர்-8 என்று நீட்டலாமே? செய்யாதீர்கள். சுத்தமாக இருந்த ஒரிஜினலுக்குள் ஜோக்கர் நுழைந்தால் அது ஒரிஜினல் இல்லை. "என்ன மச்சான், முடிஞ்ச கைய நீயே கெடுக்கிறாய்?" என்று பின்னால் நிற்பவர் முணுமுணுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒழுங்கு இதுதான்: ஒரிஜினல், பிறகு இரண்டாவது வரிசை, கடைசியாகச் செட். செட் தானாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தேடிப் போகாதீர்கள்.

7. எடுப்பதும் போடுவதும்

உங்கள் முறை வந்தால் ஒன்று எடுத்து ஒன்று போட வேண்டும். எடுப்பது நடுக்கட்டில் இருந்தோ திறந்த கட்டின் மேலிருந்தோ இருக்கலாம்.

திறந்த கட்டில் இருந்து எடுப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். ஆகவே அந்தக் கார்ட் ஒரு வரிசையை முடித்து வைத்தால் மட்டும் எடுங்கள், அதுவும் ஒரிஜினல் என்றால் யோசிக்கவே வேண்டாம். "பிறகு உதவும்" என்று ஆட்டின் 9 ஐ எடுத்தால், உங்களுக்கு முன்னால் ஆடுபவர் அதற்குப் பிறகு ஆட்டின் 8, 10, ஜாக் எதையும் உங்களுக்கு விடமாட்டார்.

போடுவதற்கு முதல் தெரிவு தனியாக நிற்கும் பெரிய கார்ட். ஏஸும் ராஜாவும் 10 புள்ளி, அதோடு வரிசையில் சேரும் வாய்ப்பும் குறைவு. மூன்று கார்ட் வரிசை என்று எண்ணினால் ஏஸ், 2, ராஜா மூன்றும் இரண்டு வரிசையில்தான் வரும், மற்ற எல்லாம் மூன்றில் வரும். தனியாக நிற்கும் 2 ஐ வைத்திருப்பதால் நட்டம் இரண்டே புள்ளி, அது கிடக்கட்டும். ராஜாவை வைத்திருந்தால் பத்து. மேலே பார்த்த கையில் டயமன் ராஜாவை, "ஆட்டின் ராஜா இருக்கே" என்று கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். ஆட்டின் ராஜாவுக்கு வேறு வேலை இருக்கிறது. டயமன் ராஜா போகலாம்.

இடைவெளி உள்ள சோடியையும் அடுத்தடுத்த சோடியையும் ஒன்றாக எடைபோடாதீர்கள். 5-6 க்கு நாலு கார்ட் உதவும் என்று பார்த்தோம். 5-7 க்கு 6 மட்டும், இரண்டே கார்ட். ஏஸ்-2 க்கும் ராஜா-ஏஸுக்கும் கூட இரண்டுதான்.

உங்களுக்கு அடுத்தவர் மேல் ஒரு கண் இருக்கட்டும். நீங்கள் போடுவதை எடுக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் கிளாவர் ராஜாவைப் போட்டிருந்தால் கிளாவர் ராணி ஓரளவு பாதுகாப்பானது. அவர் ஒன்றை எடுத்திருந்தால் அதற்கு இரண்டு பக்கத்துக் கார்டையும், அதே எண்ணையும் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். மற்றவர்கள் என்ன எடுத்தார்கள் என்பது முக்கியம்தான், ஆனால் தொடக்கத்தில் ஒருவரைக் கவனிப்பதே போதுமான வேலை.

8. ஷோ காட்டுவதற்கு முன்

எடுத்த பிறகு உங்கள் கையில் 14 இருக்கும். 13 சரியாகச் சேர்ந்திருந்தால், பதினாலாவதைக் கவிழ்த்து வைத்து ஷோ சொல்ல வேண்டும். கவிழ்த்து வைத்த பிறகு திரும்ப எடுக்க முடியாது, பிழையான ஷோவுக்கு 80. எனவே கை அந்தக் கார்டை விடும் முன் மெதுவாகப் பாருங்கள்.

ஜோக்கர் இல்லாத வரிசை ஒன்று இருக்கிறதா? அதோடு இன்னொரு வரிசை இருக்கிறதா? மூன்று செட்டும் ஒரு ஒரிஜினலும் வைத்துக்கொண்டு ஷோ காட்டுபவர்கள் ஏராளம், அது செல்லாது. ஒவ்வொரு செட்டிலும் நிறம் வேறு வேறா? கூட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் 13 வருகிறதா? மூன்று மூன்றாக நாலு கூட்டம் வைத்தால் 12தான், ஏதோ ஒன்றில் நாலு இருக்க வேண்டும். ஃபோனில் பழகியவர்கள் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். அங்கே பிரிப்பதையும் கூட்டுவதையும் ஃபோனே பார்த்துக்கொள்ளும், பாயில் உட்கார்ந்தால் நாம்தான் பார்க்க வேண்டும்.

ஒருவர் ஷோ காட்டியதும் கோபத்தில் கையில் இருப்பதை நடுவில் வீசிவிடாதீர்கள். உங்கள் கார்டையும் கூட்டங்களாகப் பிரித்து முன்னால் வைக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வீசியவருக்கு எண்பதுதான் எழுத முடியும், கையில் ஒரிஜினல் இருந்திருந்தாலும்.

9. கணக்கு எழுதுதல்

ஷோ காட்டியவருக்குப் பூச்சியம். ஏஸ், ராஜா, ராணி, ஜாக் ஆளுக்குப் பத்து. மற்றவைக்கு அந்தந்த எண். ஜோக்கருக்கு ஒன்றும் இல்லை.

ஒரிஜினல் இல்லையென்றால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒரிஜினல் மட்டும் இருந்தால் அதை விட்டுவிட்டு மீதி. இரண்டு வரிசையும் இருந்தால் சேர்ந்த கூட்டங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உதிரியை மட்டும். எவ்வளவு வந்தாலும் 80 க்கு மேல் எழுதுவதில்லை.

101 ஆட்டத்தில் 101 ஐத் தொட்டவர் வெளியே. இதனால் ஒரு எல்லைக்கோடு வருகிறது. 80 வரை இருப்பவர் ஸ்கூட் போகலாம், 100 க்குள் நிற்பார். 81 ஆகிவிட்டால் ஸ்கூட் போனாலே 101. அவர் எப்படிப்பட்ட கையானாலும் ஆடித்தான் ஆக வேண்டும். கொப்பியைப் பார்க்காமல் இருபதைக் கொடுத்துவிட்டு, வெளியே போயாயிற்று என்று பிறகு தெரிந்துகொள்வது பரிதாபம். எதிரில் இருப்பவர் 80 ஐத் தாண்டினால் அவர் கட்டாயத்தில் ஆடுகிறார் என்பதும் உங்களுக்கு ஒரு தகவல்.

201 ஆட்டத்தில் ஸ்கூட் 25, நடுவில் போனால் 50. ஆட்டம் நீளும். விடிய விடிய இருக்க வேண்டிய இரவுகளுக்கு அதுதான் ஏற்றது.

10. வேறு வகைக்குப் போனால் என்ன மாறும்

13 கார்ட் ஆட்டம் நன்றாகப் பழகிய பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் பழகினால் விதிகள் கலந்துவிடும்.

21 கார்ட் ஆட்டத்துக்கு மூன்று கட்டு வேண்டும், மூன்று ஒரிஜினல் சேர்க்க வேண்டும், ஜோக்கராக உருவிய கார்டின் மேலும் கீழும் உள்ளவைக்குத் தனி மதிப்பு வரும். நல்ல வெளிச்சமும் பெரிய கையும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

500 ரம்மியில் சேர்ந்த கூட்டத்தை உடனே கீழே இறக்கி வைக்கலாம், அதற்குப் புள்ளி கிடைக்கும். அதாவது அந்த ஆட்டத்தில் புள்ளி சேர்ப்பது நல்லது. 13 கார்ட் பழக்கத்தில் எல்லாவற்றையும் கையில் ஒளித்து வைத்திருப்பவர் அதில் தோற்பார்.

வெளிநாட்டு உறவுகள் கொண்டுவருவது பெரும்பாலும் ஜின். இரண்டு பேர், ஒரு கட்டு, பத்துக் கார்ட். ஒரிஜினல் கட்டாயம் என்ற பேச்சே இல்லை, செட் மட்டும் வைத்தும் முடிக்கலாம். உதிரிக் கார்டுகளின் மொத்தம் பத்து அல்லது அதற்குக் குறைவாக இறங்கியதும் தட்டி ஆட்டத்தை நிறுத்தலாம். ஏஸுக்கு ஒரே ஒரு புள்ளி, அது 2 க்குக் கீழே மட்டும் நிற்கும், ராஜாவுக்கு மேலே போகாது. ஜோக்கரும் கிடையாது, கட்டில் இருந்து எல்லா ஜோக்கரையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் கலைக்க வேண்டும்.